இரண்டாவது முறை எடுத்த ரத்தம்

வியாழன் இரவு, திருப்பதி ஆஸ்பத்திரி வராண்டா.

விடிகாலையில் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தங்கச்சி பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, சத்தியவேட்டிலிருந்து கார் பிடித்து இங்கே கொண்டுவந்தேன். இ.சி.ஜி.யிலும் ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. ஆனால் வலி வந்த உடனே எடுத்தால் மாரடைப்பு ரத்தத்தில் தெரியாமல் போகலாமாம். சில மணி நேரம் கழித்து மறுபடியும் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

குவைத்திலிருந்து அண்ணன் போனில் கத்தினான்.

"அதான் ஒண்ணுமில்லன்னு வந்துட்ச்சே! வெறும் கேஸு. காலேஜு போய்ட்டா நீ டாக்டராயிடுவியா? ஊட்டுக்குக் கூட்டிக்கினு போ."

அம்மாவும் செருப்பைத் தேடினாள். நான் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை.

இரண்டாவது ரத்தத்தில் மாரடைப்பு என்று வந்துவிட்டது. சாயங்காலம் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்குப் போயிருந்தால்?

இப்போதுதான் உள்ளே விட்டார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணனுக்கு போன் போடுடி. பாவம், அங்க தனியா பயந்துக்கினு இருப்பான். எதனா துன்னானான்னு கேளு."

காலையிலிருந்து நான் ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை. போன் போட்டுக் கேட்டேன்.

பிரியாணி துன்னானாம்.