கடைசி வரி இரண்டு தடவை

என்னங்க,

தலையில் தையலோடு நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதால் உங்கள் ஆங்கில வகுப்பை என்னிடம் தள்ளிவிட்டார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் சொன்னீர்களாமே. இத்தனை வருடம் நான் சொன்ன பொய் அது.

இன்று பாடம் அந்தப் பழைய ஆங்கிலக் கவிதை. மெல்ல ஒன்று, ஓங்கி ஒன்று என்று மேஜையில் தட்டிக் காட்டுவீர்களே, அந்தச் சந்தம் என் முதுகுக்கு மனப்பாடம். என் வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் இடது கையால் தட்டினேன். வரிதோறும் முடிவில் அதே ஓசை, மறுநாள் காலை நீங்கள் கேட்கும் மன்னிப்பு மாதிரி.

ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், கவிஞர் கடைசி வரிய ஏன் ரெண்டு தடவ சொல்றாரு?"

"மொத தடவ யாரும் காதுல வாங்கலம்மா."

இஸ்திரிப் பெட்டியை ஓங்குவதற்கு முன் நானும் ஒரு தடவை சொன்னேன், கிட்ட வராதீங்கன்னு.

கிட்ட வராதீங்க.

இப்படிக்கு,
வீட்டுப் பூட்டை மாற்றியவள்