பாதி வாசித்த பெயர்

கோக்-ஜார்
14 மே 1999

அன்புள்ள கனிஷாய்க்கு,

நீ நலமாக இருப்பாய். இங்கே யாரும் நலமாக இல்லை. என் புருஷன் எசென்குலின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிர் மிஞ்சியதே பெரிது என்கிறார் டாக்டர்.

உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்? கணவாய்ச் சாலை வேலைக்குப் போயிருந்தவர், அங்கே சாப்பாட்டுக் கடை டிவியில் உங்கள் நிலையத்து மதியச் செய்தி பார்த்திருக்கிறார். கடைசியில் இறந்தவர்கள் பெயர் வாசிப்பீர்களே, அதில், "அப்பா பேரச் சொன்னாங்க அனார், நம்ம ஊர் பேரையும் சொன்னாங்க" என்கிறார். மாமனார் ஒரு வாரமாக ஆஸ்பத்திரியில் கிடந்தாரல்லவா, அதனால் சந்தேகமே வரவில்லை. பாலம் வழியாகச் சுற்றி வந்தால் அரை நாள் ஆகும், அதற்குள் அடக்கம் பண்ணிவிடுவார்கள் என்று பதறி, பனி உருகிப் புரண்டோடுகிற ஆற்றில் குதிரையை இறக்கிவிட்டார். குதிரை போய்விட்டது. இவர் கால் பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டது.

இவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது மாமனார் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அன்று காலைதான் அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

இறந்தவர் காசிமாலியாம், கோக்-சாய்க்காரர். எங்கள் மாமனார் காசிம்பெக், கோக்-ஜார். வாசித்தது நீதான் என்கிறார் இவர். நான் கோபத்தில் கேட்கவில்லையடி. என்ன வாசித்தாய் என்று மட்டும் எழுது.

உன் அனார்குல்

நாரின்
21 மே 1999

என் உயிர் அனாருக்கு,

கடிதம் கையில் கிடைத்ததிலிருந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை. எட்டு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். உன் வீட்டில் இப்படி ஒன்று நடந்தால் அது என் வீட்டில் நடந்த மாதிரி. இதோடு பஞ்சும் வலி மாத்திரையும் அனுப்பியிருக்கிறேன், தபால்கார அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். தாளில் காசிமாலி, கோக்-சாய் என்றுதான் இருந்தது. இருந்ததை இருந்தபடி வாசித்தேன். சாப்பாட்டுக் கடையில் எவ்வளவு சத்தம் இருக்கும், தட்டும் கரண்டியும் பேச்சும். பாவம், அப்பாவையே நினைத்துக்கொண்டிருந்தவருக்கு எந்தப் பெயரும் அப்பா பெயராகத்தான் கேட்டிருக்கும். அவரைக் குறை சொல்லவில்லை. விதி என்று மனதைத் தேற்றிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

என்றும் உன் கனிஷாய்

கோக்-ஜார்
3 ஜூன் 1999

கனிஷாய்க்கு,

எந்த ஞாயிற்றுக்கிழமையும் வர வேண்டாம்.

உங்கள் நிலையத்துக்கு இவர் எழுதியதற்குப் பதில் வந்தது. "அறிவிப்பு தெளிவாகவே வாசிக்கப்பட்டது, பிழை நேயரின் செவியில்" என்று எழுதி, கீழே உன் கையெழுத்து. எசென்குல் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "சரி, எனக்குக் காதும் போச்சு" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்தக் கடைக்குப் போய்விட்டு வந்தேன். அன்றைக்கு ஏழு பேர் இருந்திருக்கிறார்கள். ஒருவருக்கும் பெயர் சரியாக விளங்கவில்லையாம். கடைக்காரர் சொன்னார்: "அந்தப் பொண்ணு எப்பவும் இப்படித்தாம்மா. ரயில் பிடிக்கப் போற மாதிரி வாசிக்கும். காசிம்-னு கேட்டுது, கோக்-னு கேட்டுது, மிச்சத்த அதுவே முழுங்கிருச்சு. உம் புருஷன் எந்திரிச்சு, எங்கப்பான்னார். நாங்க எல்லாரும் கையேந்தி துவா கேட்டோம்."

கோக்-சாய்க்கும் போனேன். காசிமாலியின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டிவியில் சொல்லியும் தாய்வழிச் சொந்தத்தில் பாதிப்பேர் அடக்கத்துக்கு வரவில்லையாம், செத்தது யாரென்றே அவர்களுக்குத் தெரியவில்லையாம்.

உன் மாத்திரையைத் திருப்பி அனுப்பவில்லை. அவருக்கு வலிக்கிறது.

அனார்குல்

நாரின்
12 ஜூன் 1999

அனார்,

இந்தக் கடிதத்தை நீ கிழித்துப் போடலாம். ஆனால் முதலில் படி.

பதிவை நான் பார்த்தேன். பார்த்தது இப்போது அல்ல. உன் முதல் கடிதம் வந்த அன்றைக்கே, மஞ்சள் கண்ணாடிபோட்ட எங்கள் நிலையத்து ஒலிப்பதிவுக்காரர் சாபிரைக் கெஞ்சி, கதவைச் சாத்திக்கொண்டு நாலு தரம் போட்டுக் கேட்டேன். எனக்கே புரியவில்லை. "காசிம்ம... கோக்ஜ..." என்று ஏதோ ஓடுகிறது, அடுத்த பெயர் அதன்மேல் ஏறுகிறது. சாபிர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எல்லாரும் அப்படித்தாங்க வாசிக்கிறாங்க" என்றார். அதற்குப் பிறகுதான் உனக்கு அந்த முதல் பதிலை எழுதினேன். தெரிந்தே எழுதினேன். தெரிந்தேதான் நிலையத்தின் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டேன். வேலை போய்விடுமோ என்ற பயத்தைவிட, நான் கெட்டிக்காரி என்ற பெயர் போய்விடுமோ என்ற பயம்.

அஞ்சு வருஷமாக வேகமாக வாசிப்பதைத்தான் என் திறமை என்று நினைத்தேன். தலைநகரத்துச் சேனல்களில் அப்படித்தான் பேசுகிறார்கள், கேட்க நாகரிகமாக இருக்கும். இறந்தவர் பட்டியலுக்கு இரண்டு நிமிஷம், அதற்குப் பிறகு விளம்பரம். ஒரு நிமிஷம் நாற்பது விநாடியில் முடித்துவிட்டால் இயக்குநர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். அந்த விரலுக்காகச் செத்தவர்கள் பெயரை மென்று துப்பியிருக்கிறேன்.

நேற்று மதியம் தாளைக் கீழே வைத்துவிட்டு, கேமராவைப் பார்த்துச் சொன்னேன். மே மாதம் பத்தாம் தேதி இறந்தவர் கோக்-சாய் ஊர் காசிமாலி. கோக்-ஜார் காசிம்பெக் உயிரோடு இருக்கிறார். அவர் மகனின் காது நன்றாகவே இருக்கிறது. என் வாய்தான் சரியில்லை, அதை மறைத்துப் பொய்க் கடிதத்தில் கையெழுத்தும் போட்டேன். இயக்குநர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். சாபிர் மைக்கை அணைக்கவில்லை.

இன்று என்னை பதிவு நாடா அடுக்குகிற அறைக்கு அனுப்பிவிட்டார்கள். அதை உனக்குப் பெருமையாகச் சொல்லவில்லை.

கனிஷாய்

கோக்-ஜார்
30 ஜூன் 1999

கனிஷாய்க்கு,

பார்த்தோம். மாமனாருக்குக் காது மந்தம், டிவிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தன் பெயர் வந்ததும், "உசிரோடதான் இருக்கேன், இருக்கேன்" என்று டிவியிடமே பதில் சொன்னார். பிறகு தேம்பி அழுதார். மகன் கால் போனதிலிருந்து அன்றைக்குத்தான் அவர் அழுது பார்த்தேன்.

உன் கடிதத்தை எசென்குலுக்குப் படித்துக் காட்டினேன். வாங்கித் தானும் ஒரு தரம் படித்தார். அப்புறம், "என் விஷயத்துல அவ செஞ்சது தப்பு. தப்பு யாருக்கும் வரும், ஆத்துல இறங்கினது நானும்தான். ஆனா அவ உங்கிட்ட சொன்னது பொய். அதுக்கு நான் என்ன சொல்றது? நீதான் சொல்லணும்" என்றார்.

நான் இன்னும் சொல்லவில்லை. அந்த முதல் கடிதத்தை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். "விதி" என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்துக்கு வந்ததும் உன் முகமே எனக்கு ஞாபகம் வர மாட்டேன் என்கிறது.

செப்டம்பரில் செயற்கைக் கால் பொருத்த நாரின் ஆஸ்பத்திரிக்கு வருகிறோம். திங்கட்கிழமை, இருபதாம் தேதி. நீ வருவதென்றால் வா. எதையும் வாங்கிக்கொண்டு வராதே. வாசலில் நில். கூப்பிட எனக்கு வாய் வருகிறதா, அன்றைக்குத்தான் தெரியும்.

அனார்குல்