சீட்டுக் கம்பியில் சிவப்பு டேப்

ஜூன் 9, ஞாயிறு

சைக்கிள் வந்துவிட்டது. நீல நிறம். பள்ளி திறந்ததும் போலாரத்துக்கு இதில்தான் போகப்போகிறேன். விஜயவாடாவில் தாலி கட்டிய அந்த மனிதனை விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்ததிலிருந்து, எங்கே போவதென்றாலும் அண்ணன் ஸ்கூட்டர்தான். நாற்பத்தொரு வயதுக்காரியை நான் வேலை பார்க்கும் பள்ளி லைப்ரரி வாசலில் இறக்கிவிட்டு, "டிபன் டப்பா எடுத்தியா?" என்று கேட்பான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிரிக்கும்.

ஏறிப் பார்க்கக்கூட அண்ணன் விடவில்லை. "ஃபிட் பண்ணாம ஓட்டினா முட்டி போயிடும் ராஜி." ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கோஷ்டியோடு சுற்றுகிறவன், யூடியூபில் எல்லாம் பார்த்தவன். புது ஷூவோடு வந்து நின்றேன். "ஹால்ல ஷூ நக்கோ, வேணாம். சாமி அலமாரி இருக்கு." கழற்றிப் போட்டேன். நீலா அண்ணி ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, வெறுங்காலோடு சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தேன். பெடல் கீழே போகும்போது கால் நேராக நீள வேண்டுமாம். என் முழங்காலிலிருந்து இரும்பு நட்டைக் கட்டிய நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தான். சீட்டை முன்னே தள்ளினான், பின்னே இழுத்தான். கடைசியில் சீட்டுக் கம்பியில் சிவப்பு டேப் சுற்றி, "இதுதான் உன் அளவு. தொடாதே" என்றான்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுதிவைக்கிறேன், பிறகு இல்லையென்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

ஜூன் 13

தனியாகப் போனேன். தனியாக வந்தேன்!

ஜூன் 20

இரண்டு முழங்காலிலும் முன்பக்கம் வலி. மாடிப்படி இறங்கும்போது உயிர் போகிறது. அண்ணனிடம் சொல்லவில்லை.

ஜூன் 26

கண்டுபிடித்துவிட்டான். படியில் நான் கைப்பிடியைப் பிடித்து இறங்குவதைப் பார்த்தானாம். அவன் முகத்தில் வருத்தம் இருந்தது. வருத்தம் மட்டும்தானா?

"அளவெல்லாம் கரெக்டா இருக்கு. உன் முட்டிதான் தாங்கல. வயசாகுதில்ல? இனி நானே கொண்டு விடறேன்."

அவனுக்கு நாற்பத்தெட்டு. அவன் முட்டிக்கு மட்டும் வயசாகாது போலிருக்கிறது.

ஜூலை 2

ஒரு வாரமாக மறுபடி ஸ்கூட்டர். இன்று பள்ளி வாட்ச்மேனிடம், "மேடம் எத்தனை மணிக்கு வெளியே வருவாங்க?" என்று தெலுங்கில் விசாரித்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். என்னைக் கேட்டால் என்ன?

ஜூலை 7, ஞாயிறு

கோபத்தில் எழுத்து கோணுகிறது. போகட்டும்.

அண்ணன் தன் சைக்கிளுக்குப் புது சீட்டு வாங்கியிருக்கிறான். மொட்டை மாடியில் மாட்டினான். அண்ணி ஹேண்டிலைப் பிடித்திருந்தாள். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஏறி உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தான் — ஷூவோடு.

"ஷூ போட்டுக்கிட்டா அளக்கணும்?"

"பின்னே? ஓட்டறது ஷூவோடதானே." திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்கு வெறுங்கால்ல அளந்தியே."

பெடலைப் பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினான். "அது ஹால்ல அளந்தது. ஹால்ல எப்படி ஷூ போடறது? ஒரு விரல்கடை வித்தியாசம், அதனாலயா வலிக்குது? சும்மா இரு."

என் ஷூ அடி எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும். ஷூ போட்டால் கால் அத்தனை நீளம் கூடும்; அந்த அளவுக்குச் சீட்டு தாழ்ந்து கிடக்கிறது. காலை முழுக்க நீட்டாமலே மிதித்திருக்கிறேன். மறதி என்றே வைத்துக்கொள்வோம். தெரிந்த பிறகாவது, "வா, மறுபடி அளக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா?

சாயங்காலம் நானே ஆலன் கீ எடுத்துத் திருகைத் தளர்த்திக் கம்பியை உயர்த்தினேன். சிவப்பு டேப் வெளியே வந்து நின்றது. நாளை சைக்கிளில்தான் போகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

ஜூலை 11

வலி குறைந்துகொண்டே வருகிறது. இன்று மேட்டில்கூட இறங்கவில்லை.

ஜூலை 12

காலையில் ஏறி உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. டேப் பழைய இடத்துக்கே போயிருக்கிறது. இறக்கிவிட்டான்!

போய்க் கேட்டேன். லேப்டாப்பை மூடாமலே சொன்னான். "உயரத்துல உட்கார்ந்தா சிக்னல்ல கால் எட்டாது. விழுந்து வெச்சா யார் பார்க்கறது? உன் நல்லதுக்குத்தான்."

"அப்ப முட்டி?"

"அதான் நான் கொண்டு விடறேன்னு சொல்றேனே! யார் பேச்சும் கேக்கறதில்ல. விஜயவாடாவுலயும் இப்படித்தானே பண்ணிட்டு வந்தே."

சொல்லிவிட்டான். இவ்வளவு நாளாக வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறான். அங்கே எனக்கு அடி விழுந்தது அவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்றானே! என்ன மனுஷன் இவன்? கூடப் பிறந்தவனா?

அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "கைக்கு? எதுக்கு இந்தத் தகராறு காலங்காத்தால? ஸ்கூட்டர்லயே போயேன் ராஜி, உனக்கென்ன குறைஞ்சுடும்?" என்றாள். ஹேண்டிலைப் பிடிக்கிற வேலை அவளுக்குப் பழகிவிட்டது. அவள்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை, அதுதான் இன்னும் கசப்பாக இருக்கிறது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். லோத்குண்டா தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, சீட்டை ஏற்றிவிட்டு ஓட்டினேன். ஆலன் கீ இப்போது என் கைப்பையில்.

மதியம் எங்கள் பள்ளிக் கணக்கு சார் தேவசகாயத்தைக் கேட்டேன். அவர் வாடகைக்கு விடும் மாடி அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம்.

ஜூலை 28

அண்ணன் என்னோடு பேசுவதில்லை. பெட்டி கட்டியாகிவிட்டது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மழை. கணக்கு சார் வீட்டு மாடி, என் அறைக்குள் சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவைத்து, ஒரு கையைச் சுவரில் ஊன்றி ஏறி உட்கார்ந்தேன். காலில் ஷூ. தரையெல்லாம் சேறு, யாரும் கேட்கவில்லை. இங்கேயும் சாமி படம் இருக்கிறது. அதுவும் ஒன்றும் சொல்லவில்லை.

கதவு திறந்துதான் இருந்தது. அண்ணன் வந்து நின்றான், கையில் அண்ணி கொடுத்தனுப்பிய புளியோதரை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தவன் என் காலைப் பார்த்தான். "வீட்டுக்குள்ள ஷூவா?" என்று வாய்வரை வந்திருக்கும். டப்பாவை மேசையில் வைத்தான்.

"நான் வேணா பிடிச்சுக்கட்டுமா?"

"வேணாம்ணா. சுவர் இருக்கு."

செருப்பை மாட்டிக்கொண்டு போனான். குதிகாலை வைத்தேன், கால் நேராக நீண்டது. பழைய சிவப்பு டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்தேன். கம்பியில் அதன் பசை இன்னும் பிசுபிசுவென்று இருக்கிறது.