இருக்காத விரதம்

ஆயர் தாவார்,
மார்கழி கடைசி வாரம்.

அன்பு மகன் தனேஸ்வரனுக்கு அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், நீயும் அந்த டப்ளின் குளிரில் சளி பிடிக்காமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கவேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் அம்மா வேண்டிக்கொள்கிறாள். வீடு பரவாயில்லை. சுவரில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளம் ஏறிய கோடு தெரிகிறது, சாயம் அடித்தால் போய்விடும். கரண்டு வந்துவிட்டது, பிரிட்ஜ்தான் செத்துவிட்டது. அம்மாவின் முட்டிவலி பழையபடிதான், தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வீடு முழுக்க நடக்கிறாள், உட்காரச் சொன்னால் என் வாயை அடைக்கிறாள். இப்போதெல்லாம் என் வாயை அடைப்பது அவளுக்குச் சுலபமாக இருக்கிறது, அதற்குக் காரணமும் இந்தக் கடிதத்தில்தான் வருகிறது.

போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போன் நன்றாகத்தான் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, "அப்பா, வேலையிடத்துல எல்லார்கிட்டயும் உங்க போட்டோவ காட்டுனேன்பா, வீடே முழுகுனாலும் எங்கப்பா விரதத்த விடலன்னு சொன்னேன், டிக்கெட் போட்டுட்டேன், தைப்பூசத்துக்கு உங்ககூட நடக்க வாரேன்" என்றாயே, அப்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு, அழாதீங்கப்பா என்று வேறு சொன்னாய். அது சந்தோஷம் இல்லையப்பா, வெட்கம். நான் விரதமே இருக்கவில்லை. அந்தப் படம் பொய். உன் குரலைக் கேட்டுக்கொண்டே இதைச் சொல்ல என்னால் முடியவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

தண்ணீர் வடிந்து பள்ளிக்கூட மண்டபத்திலிருந்து நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது வீட்டுக்குள் கணுக்கால் அளவு சேறு, நாற்றம் குடலைப் பிடுங்கியது. மெத்தை, சோபா, அலமாரி எல்லாம் ஊறி உப்பிக் கிடந்தன. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நானும் அம்மாவும் வாசலிலேயே நின்றோம். நம் கோயில் கமிட்டி கூட்டம் போட்டது, அடுத்த கூட்டம் எப்போது என்று முடிவு செய்தது, அவ்வளவுதான் அதற்கு முடிந்தது. அதற்குள் ஈப்போவிலிருந்து லுத்தரன் திருச்சபைக்காரர்கள் லாரியில் வந்து இறங்கிவிட்டார்கள். மண்வெட்டி, தள்ளுவண்டி, தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் மிஷின், மருந்துத் தண்ணீர், எல்லாம் அவர்களே கொண்டுவந்தார்கள். புந்தோங், லகாட் பக்கத்து ஆட்கள், ஆணும் பெண்ணுமாக. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் பலகாரம் சுடவேண்டிய வாரத்தில் நம் தாமான் குடியிருப்பில் முட்டிவரை சேற்றில் நின்று வாரி வாரிக் கொட்டினார்கள். நம் வீட்டுச் சாமி மேடை பக்கம் வந்ததும் மட்டும் நின்று, "அம்மா, இத நாங்க தொடலாமா, இல்ல நீங்களே செய்றீங்களா" என்று கேட்டார்கள். அம்மா யோசிக்கவே இல்லை, "நல்லா தேச்சு விடுங்க தம்பி, முருகன் ஒன்னும் சொல்ல மாட்டாரு" என்றாள். கோயில் செயலாளர் சீனி முதல் நாள் என் காதில், "சோறு போட்டு மதத்துக்கு ஆள் புடிக்க வந்திருக்காங்க லா, பாத்துக்க" என்று கிசுகிசுத்தான். மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் அவன்தான் முதல் ஆள். ஆள் பிடிக்கவும் இல்லை, ஒரு நோட்டீஸ் நீட்டவும் இல்லை, சாப்பாட்டுக்கு முன்னால் போதகர் கண்ணை மூடி இரண்டு வார்த்தை ஜெபம் சொல்வார், அதோடு சரி.

திடலில் கேனோபிப் பந்தல் போட்டு அங்கேயே சமைத்தார்கள். முதல் நாள் மத்தியானம் நானும் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். மீன் கறி வாசனை, பள்ளிக்கூட மண்டபத்தில் டின் சார்டின் மீனாகத் தின்று செத்திருந்த நாக்கு, எப்படி இருந்திருக்கும் பார். என் முறை வந்தது. கரண்டியோடு நின்ற பெண் என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக, "அண்ணே, நீங்க கங்காணி வீட்டு சுகுமாரண்ணன்தானே? என்னை தெரியுதா, பிரமிளா" என்றாள். தெரிந்தது. நம் பழைய தோட்டத்து இருளாயியின் மகள். போதகரைக் கட்டியிருக்கிறாளாம், சமையல் முழுக்க அவள் பொறுப்பாம். அவள் சோற்றை அள்ளினாள், என் கை தட்டோடு பின்னுக்குப் போய்விட்டது. பக்கத்தில் நின்ற போதகர் "ஏன் ஐயா, சாப்பிடலையா" என்று கேட்டார். நான் கையில் தட்டை வைத்துக்கொண்டே, "இல்லங்க, நான் தைப்பூசத்துக்கு விரதம், வெளியில சாப்பிடுறது இல்ல" என்றேன். அவர் உடனே கைகூப்பி, மன்னிக்கணும் ஐயா, தெரியாமக் கேட்டுட்டேன் என்றார்.

இருளாயி யார் என்று உனக்குத் தெரியாது, நாங்கள் உனக்குச் சொன்னதில்லை. தோட்டத்தில் கக்கூஸ் வாளி தூக்கியவள் அவள். லயத்து வரிசையின் கடைசி வீடு அவர்களுடையது. குழாயடியில் நாம் எல்லாரும் பிடித்து முடித்த பிறகுதான் அவர்கள் குடம் வைப்பார்கள். நம் வீட்டுக் கல்யாணத்தில் அவர்களுக்குச் சோறு பின்வாசல் வழியாக வாளியில் போகும். நம் ஆட்கள் யாரும் அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. தோட்டத்தை விட்டு வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, பேச்சு வந்தால் "சாதியெல்லாம் அந்தக் காலம்லா" என்று முதலில் சொல்கிற ஆளும் நான்தான். சீனன் கடை மீ நூடுல்ஸும் மாமாக் முஸ்லிம் கடை ரொட்டியும் தின்றே பஸ் ஓட்டிக் காலத்தைக் கழித்தவன் நான், யார் சமைத்தது என்று ஒரு நாள் கேட்டதில்லை. பிரமிளாவின் கை எனக்குத் தெரிந்த கை, அதுதான் வினை. அவர்கள் வேதக்காரர்கள் என்பதற்காக நான் ஒதுங்கினேன் என்று நீயாவது நினைத்துவிடாதே, அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று எனக்கே ஆசை வந்தது, ஆனால் உண்மை அதில்லை.

மறுநாள் காலையில் கேட்டுக்கு வெளியே பிரமிளா நிற்கிறாள். கையில் புதுப் பானை, புது அகப்பை, சின்ன அடுப்பு, அரிசி, பருப்பு, காய்கறி, சுருட்டிய பாய், அதற்கு மேல் மஞ்சள் வேட்டி ஒன்று. "உள்ள வரலண்ணே, மீன் ஆஞ்ச கை. இதெல்லாம் கடையிலேருந்து நேரா வருது, யாரும் பொழங்கல, தைரியமா ஆக்கிச் சாப்பிடுங்க" என்று சொல்லிக் கேட்டுக்கு அந்தப் பக்கமே வைத்துவிட்டுப் போனாள். அம்மா எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "விரதமா? மண்டபத்துல சார்டின் டின்ன வழிச்சு நக்குனது யாரு?" என்றாள். பிறகு, "எனக்கு பொய் சொல்ல வராது. யாராச்சும் கேட்டா உள்ளத சொல்லிருவேன். கேக்காதவரைக்கும் உங்க மானம் உங்ககிட்ட" என்றாள். சமைத்துத் தரவும் மாட்டேன் என்றுவிட்டாள், விரதக்காரர் தானே ஆக்கிக்கொள்வதுதான் முறையாம். அன்று மத்தியானமே திடலுக்குப் போய்ப் பிரமிளாவோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்து, அங்கேயே சாப்பிட்டுவிட்டு, மீன் கறி பிரமாதம் என்று வந்து சொன்னாள்.

அதன்பிறகு என் நிலைமை பொறியில் மாட்டிய எலிதான். மஞ்சள் வேட்டி கட்டாவிட்டால் கேட்பார்கள் என்று கட்டினேன். பாயில் படுத்தேன். வீட்டைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் நான் சமைக்கும் இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்கள், என்னைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அவர்கள் நம் வீட்டுச் சேற்றை வாரிக்கொண்டிருக்க, நான் சாமியார் மாதிரி சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் போதகர் அந்தப் படத்தை எடுத்தார். வெள்ளத்திலும் விரதம் விடாத பெரியவர் என்று எழுதிப் போட்டார், சீனி அதை ஊருக்கெல்லாம் அனுப்பினான், உனக்கும் வந்து சேர்ந்தது. கிறிஸ்துமஸ் அன்று ஈப்போவில் ஆராதனை முடிந்ததும் ஆட்டிறைச்சி பிரியாணியோடு திரும்பி வந்து தாமானுக்கே போட்டார்கள். தாமானே சிரித்துப் பேசிச் சாப்பிட்டது. நான் கதவைச் சாத்திக்கொண்டு தீய்ந்த ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டேன். பசியை விட, அந்தப் பந்தலில் எனக்கு இடமில்லாமல் நானே செய்துகொண்டேனே என்பதுதான் உறுத்தியது.

அவர்கள் கிளம்பும் நாள் வந்தது. நம் வீடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கேனோபியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வேட்டியை மாற்றிக் கைலியைக் கட்டிக்கொண்டு திடலுக்குப் போனேன். பிரமிளா குழாயடியில் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாடு ஏதாவது இருக்காம்மா என்று கேட்டேன். "இன்னிக்கு கோழிண்ணே, உங்களுக்கு ஆகாதே" என்றாள். நான் விரதம் இல்லை என்றேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்ணே. மொத நாளே தெரியும். கையில தட்ட வச்சுக்கிட்டுத்தானே சொன்னீங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பின்னே எதற்கம்மா அந்தப் பானையெல்லாம் என்று கேட்டேன். "ராத்திரி எங்கம்மாவுக்கு போன் பண்ணி சொன்னேன். புதுப் பானை வாங்கிக் குடுத்துரு, அவுங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு பசி தாங்காது, பட்டினி கிடக்கப் போறாருன்னு சொல்லுச்சு" என்றாள். நம் வீட்டுப் பின்வாசலில் வாளியோடு நின்றவள் என் பசிக்காகக் கவலைப்பட்டிருக்கிறாள். எனக்கும் போடும்மா என்றேன். அவள் அண்டாவைச் சாய்த்துக் காட்டினாள், "வழிச்சாச்சேண்ணே" என்றாள். குத்திக் காட்டவில்லை, உண்மையாகவே ஒன்றும் மிச்சமில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், உங்கம்மா எப்படி இருக்காங்க என்று மட்டும் கேட்டேன். புந்தோங்கில் தன்னோடுதான் இருக்கிறாள், கண் சரியாகத் தெரிவதில்லை, ஒரு நாள் வீட்டுக்கு வாங்கண்ணே என்றாள். லாரி போய்விட்டது.

வாங்க என்று சொன்னதால் போன வாரம் பஸ் ஏறிப் புந்தோங்குக்குப் போனேன். நல்ல சட்டை போட்டு, பழமெல்லாம் வாங்கிக்கொண்டுதான் போனேன். எதிர்ப்பக்கம் மோட்டார் சைக்கிள் கடை ஓரமாக நின்று பார்த்தேன். இருளாயி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சாலையைத் தாண்டக் கால் வரவில்லை. பழப் பையைத் தூக்கிக்கொண்டு அப்படியே திரும்பிவிட்டேன். அம்மா பழத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பையை வாங்கி உள்ளே வைத்தாள்.

அதனால் தம்பி, இந்த வருடம் நான் பால்குடம் எடுக்கப்போவதில்லை. ஊரை ஏமாற்றியது போதும், முருகன் முன்னாலும் அந்த வேட்டியோடு போய் நிற்க எனக்குத் துணிச்சல் இல்லை. உன் வேலையிடத்தில் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாயே, அதை எப்படித் திருப்பி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை, உனக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படிச் செய். படிக்கும்போது உனக்குக் கோபம் வரும், என்னை நினைத்து அசிங்கமாகவும் இருக்கும். அதற்கு உனக்கு முழு உரிமை உண்டு. கோபமாகவே வா. ஆனால் வந்துவிடு, டிக்கெட்டை மட்டும் ரத்து செய்துவிடாதே. முருகனை எட்டி நின்று கும்பிட்டுக்கொள்ளலாம், அந்த வீட்டுக்கு மட்டும் என்கூட வா. நான் என் வாயால் மன்னிப்புக் கேட்டு, என் வாயால் சோறு கேட்கவேண்டும். போட்டால் சாப்பிடுவோம், போடாவிட்டால் அதுவும் நியாயம்தான், எழுந்து வந்துவிடுவோம். நீ பேசவேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். தனியாகப் போனால் அந்த வாசலிலும் ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

முருகன் உனக்கு நல்ல ஆயுளையும், எவர் கையிலும் வாங்கிச் சாப்பிடும் மனதையும் கொடுக்கட்டும். அம்மா உனக்கு முத்தம் கொடுத்ததாக எழுதச் சொன்னாள்.

உன் அப்பா,
சுகுமாரன்