உறை பிரிக்காத கார்

மார்ச் 4

லைசென்ஸ் வந்துவிட்டது. ஐம்பதை நெருங்கும் வயதில் நானும் ஒரு டிரைவர். போட்டோவில் திருட்டு முழி முழிக்கிறேன்.

இனி கார் எடுத்தே ஆக வேண்டும். இன்றும் என் வீட்டுக்காரரைப் பிசியோதெரபி பயிற்சிக்கு அழைத்துப்போக வந்த டாக்ஸிக்காரன், இவர் காலைத் தூக்கி உள்ளே வைப்பதற்குள் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். பக்கவாதம் வந்த மனிதரைப் பார்த்து ஹாரன். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தம்பிக்குப் போன் போட்டேன். கார் ஷோரூமில் வேலை பார்ப்பவனை வைத்துக்கொண்டு வேறு எங்கே போய்க் கேட்பது? "மத்தவங்களை மாசக்கணக்கா காக்க வைக்கிறோம்கா. உனக்குன்னு ஒண்ணு இருக்கு. புத்தம் புதுசு" என்றான்.

மார்ச் 8

கார் பார்த்தோம். வெள்ளை. சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ஓட்டிப் பார்க்க ஆசையாக இருந்தது. "பேட்டரி கனெக்‌ஷன் இன்னும் குடுக்கலக்கா, டெலிவரி அன்னைக்குத்தான்" என்றான் தம்பி.

இவரை முன் சீட்டில் உட்காரவைத்தோம். கதவு அகலம், சிரமமே இல்லை. இடது கையால் எதிரே இருக்கும் டப்பா மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடி, குழந்தை மாதிரி. பிறகு சொன்னார்: "பழசு."

நோய்க்குப் பிறகு இவரிடம் மிஞ்சியிருப்பது பத்துப் பதினைந்து வார்த்தைகள்தான். அதில் இது ஒன்று. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாலும் இதையே சொல்வார். நல்ல நாளும் அதுவுமாக ஏன் இப்படி என்று கடிந்துகொண்டேன். தம்பி சமாதானம் சொல்வான் என்று பார்த்தேன். அவன் போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

மார்ச் 9

வெள்ளிக்கிழமை டெலிவரி. வேலையே ஓடவில்லை.

மார்ச் 10

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடும் பெண்ணிடம் சொன்னேன். "நல்லா பாத்து எடுங்கக்கா. எங்க மச்சானுக்கு, கஸ்டமருங்க ஓட்டிப் பாக்குற வண்டியைத் தொடச்சு புதுசுன்னு தள்ளிவிட்டுட்டாங்க."

"விக்கிறது என் கூடப்பொறந்தவன்."

"அப்ப சரி" என்று வாயை மூடிக்கொண்டாள். அந்த 'அப்ப சரி' நாள் முழுக்க உறுத்தியது.

சாயங்காலம் இவர் மறுபடியும், "பழசு."

"யாரு, நீங்களா?"

இல்லை என்று தலையாட்டினார். இடது கையைக் காற்றில் ஸ்டியரிங் மாதிரி சுற்றிக் காட்டினார்.

ஐயோ. அன்றைக்குச் சொன்னது காரையா? வாழ்நாளெல்லாம் வண்டி ஓட்டிய மனிதர். மூடி தளர்ந்திருப்பதை விரல் கண்டுபிடித்திருக்கிறது. நான் திட்டினேன். இவரால் பதில் சொல்ல முடியவில்லை.

மார்ச் 11

தம்பி இல்லாத நேரமாகப் பார்த்து ஷோரூமுக்குப் போனேன். எதற்குத் திருடி மாதிரி ஒளிந்து போகிறேன் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டேன். எல்லாம் சரியாக இருந்துவிட்டால் அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றும் நினைத்தேன்.

காரை வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். முன் கதவின் வெள்ளை வேறு, பின் கதவின் வெள்ளை வேறு. கடையில் லென்ஸ் நிறம் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அன்றைக்கு ஏன் படவில்லை? புது டயரில் முடி முடியாக ரப்பர் நீட்டிக்கொண்டிருக்குமாம். இதில் மழமழவென்று இருந்தது. சீட் உறையின் ஓரத்தைத் தூக்கினேன். அடியில் காப்பிக் கறை.

அங்கிருந்த வேறொரு விற்பனையாளரிடம் கொஞ்சம் ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். ஒன்றும் கேட்காமல் செய்தார். பேட்டரிக்கு ஒரு குறையும் இல்லை. மீட்டரில் ஆயிரக்கணக்கில் கிலோமீட்டர்.

வாசலுக்கு வந்து அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 12

தம்பி வந்தான். நான் ஷோரூமுக்குப் போனதை யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே முகம் செத்திருந்தது.

ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும் வண்டிதானாம். இவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு கஸ்டமர் தூணில் இடித்துவிட்டாராம். மாசக் கடைசிக்குள் புதுசு என்று விற்றுவிடு, இல்லாவிட்டால் வேலையை விட்டு நின்றுகொள் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம்.

"அதுக்கு நான்தான் கெடைச்சேனா? மாமாவை வச்சு ஓட்டப்போற வண்டிடா அது."

"வேற யாருன்னாலும் பாத்திருப்பாங்க. நீ பாக்க மாட்டேன்னு தெரியும்கா."

தெரியுமாம். நான் என்ன கேணச்சியா? இல்ல— கேணச்சிதான். தலையில மிளகா அரைக்க இவ தலைதான் வாகா இருக்குன்னு தேடி வந்திருக்கான். என் தம்பி என்று நான் நம்பியதையே வழியாக்கிக்கொண்டானே, அதைத்தான் தாங்க முடியவில்லை. வண்டி போனால் போகிறது.

போ என்றேன். போனான்.

மார்ச் 15

மறுபடியும் டாக்ஸி. மறுபடியும் ஹாரன்.

மார்ச் 27

இவர் காலையில் "தம்பி" என்றார். நான் காதில் வாங்காத மாதிரி துணி மடித்தேன்.

ஏப்ரல் 6

வாசலில் வந்து நின்றான். வேலையை விட்டுவிட்டானாம். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை, இவர்தான் கையசைத்துக் கூப்பிட்டார். டீ கொடுத்தேன்.

"வேற ஷோரூம்ல எடுக்கா. நான் வந்து பாத்துத் தரேன். என்னென்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும்."

தெரியாமல் இருக்குமா? வரச் சொன்னேன்.

ஏப்ரல் 24

கார் வந்துவிட்டது. சாம்பல் நிறம்.

தம்பி தரையில் படுத்து அடிப்பக்கம் பார்த்தான். டயரைத் தடவினான், மீட்டரைக் காட்டினான், சேஸிஸ் நம்பரைப் பேப்பரோடு ஒத்துப் பார்த்து "சரியா இருக்குக்கா" என்றான். அவன் பார்த்த ஒவ்வொன்றையும் பின்னாலேயே போய் நானும் பார்த்தேன். அவன் ஒதுங்கி நின்று இடம் விட்டான். இவர் டப்பா மூடியை ஒரே ஒரு தடவை திறந்து மூடினார். "பழசு" என்று சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நானே ஓட்டி வந்தேன். இவர் பக்கத்தில், தம்பி பின்னால். மெயின் ரோட்டில் ஏறும் இடத்தில் பிரேக்கை மிதித்து நிறுத்தினேன்.

"இடப்பக்கம் வண்டி எதுவும் வரல. போக்கா."

திரும்பி ஒரு தடவை நானே பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். நான் பார்த்ததை அவன் பார்த்தான்.