எல்லாத் திரையும் தெளிவாகத் தெரிந்த நாள்

ஜூலை 9, 2025

கச்சிராயபாளையத்தில் தூறல்தான். மலை ஏற ஏறக் கொட்டுகிறது. பஸ் தாமதம், நான் நனைந்த பூனை. பள்ளி லேபில் பாதிக் கணினிகள் கறுப்புத் திரையில் எழுத்துகளோடு நின்றுவிட்டன. ஒவ்வொன்றிலும் startx என்று அடித்துப் படத்திரையை எழுப்பினேன்.

என் மேசைக் கணினிக்கு மட்டும் தனி உபசாரம். startx -- -dpi 120. அந்த இரட்டைக் கோட்டுக்குப் பின்னால் எழுதுவது எல்லாம், திரையை வரைந்து காட்டுகிற சர்வருக்குப் போகிற உத்தரவு. எண்ணைக் கூட்டினால் எழுத்து, பொத்தான், எல்லாமே பெரிதாகும். ஊருக்கெல்லாம் 96. எனக்கு இப்போது 120.

கண்ணாடிக் கடை சின்னதுரை இரண்டு முறை லென்ஸ் மாற்றிக் கொடுத்துவிட்டார். "கண்ணாடில ஒண்ணும் கொற இல்ல தம்பி. நீ தூங்கறதுதான் கம்மி" என்கிறார். தூங்குகிறேனே, நன்றாகவே தூங்குகிறேன்.

ஜூலை 22

144.

எச்.எம். ராஜாம்பாள் டீச்சர் இன்று பேசிக்கொண்டிருந்தபோது அவர் முகம் இல்லை. தலைமுடி தெரிகிறது, காதுத்தோடு தெரிகிறது, புடவை தெரிகிறது. நடுவில் மூக்கும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கலங்கல். அவர் தோளைப் பார்த்தால் முகம் லேசாக வருகிறது. அதனால் தோளையே பார்த்துக்கொண்டு பேசினேன். "வெற்றிசெல்வன் சார், யாரையாச்சும் தேடறீங்களா?" என்று திரும்பிப் பார்த்தார்.

ஜூலை 30

பாண்டிச்சேரி கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். சொட்டு மருந்து விட்டு, உட்கார வைத்து, வெளிச்சம் அடித்து, மறுபடி உட்கார வைத்து, சாயங்காலம்தான் டாக்டர் கூப்பிட்டார். முதல் கேள்வியே, "அப்பாம்மா சொந்தத்துல கட்டிக்கினவங்களா?" ஆமாம் என்றேன். அத்தை மகனைத்தான் அம்மா கட்டிக்கொண்டாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார்.

விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறதாம். ஓரப்பார்வை இருக்கும், நடுப்பார்வை போகும். கண்ணாடி கிடையாது, ஆபரேஷன் கிடையாது. எவ்வளவு நாளில் என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் மாறும் என்றார். எனக்கு வேகமாகப் போகிறது என்று அவர் சொல்வதற்குள் நானே சொன்னேன். அதற்கும் தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்து மகேஸ்வரியிடம் பவர் கூடியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவள் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டிலிருந்து நிமிரவில்லை. "கேரட்டு வாங்கியாரேன்" என்றாள். பொய் சொல்வது இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் பயந்திருக்கவே மாட்டேன். இல்லை, பயமாகத்தான் இருக்கிறது. முப்பத்தோரு வயது. லேபைத் தவிர எனக்கு என்ன தெரியும்? கண் தெரியாதவனை லேபில் வைத்துக்கொள்ள எந்தப் பள்ளிக்குத் தலையெழுத்து?

ஆகஸ்ட் 6

இன்று செத்துப் பிழைத்தேன்.

மதியம், பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். என் கணினி முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். திடீரென்று எல்லாம் கறுப்பு. போச்சு, இதுதான், போயே போச்சு. பக்கத்தில் ஜன்னல் வெளிச்சம் இருப்பதைக்கூடக் கவனிக்கவில்லை. "ஐயோ சாமி, இப்ப வேணாம், இப்ப வேணாம்"னு வாய்விட்டே சொன்னேன். ஒன்பதாம் வகுப்பு நிர்மலா தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். எடுக்க வந்தவள் கை மௌஸில் பட்டது. திரை வந்துவிட்டது.

சும்மா இருந்தால் பத்து நிமிஷத்தில் திரையை அணைத்துவிடும், அவ்வளவுதான். இத்தனை வருஷமாகத் தெரிந்த சங்கதி. "இன்னா சார், வேர்த்துக் கெடக்குது?" என்றாள் அந்தப் பெண். புழுக்கம் என்றேன். மலையில், ஆடி மழையில், புழுக்கம்.

இனிமேல் என் வரியில் -s 0 உண்டு. அது இருந்தால் திரை தானாக அணையாது. இருட்டினால் அது என் கண்தான், சந்தேகமில்லை.

ஆகஸ்ட் 19

பிள்ளைகள் "சார், இங்க பாருங்க, இன்னாமோ வந்துக்கினு கீது" என்று கூப்பிடும்போதெல்லாம் குனிந்து, கண்ணைச் சுருக்கி, திரையில் மூக்கு இடித்து... எத்தனை நாளைக்கு? இன்று ஒரு விதி போட்டேன். சந்தேகம் என்றால் திரையைக் காட்டாதே. வந்திருப்பதை வாய்விட்டுப் படி. நான் இருந்த இடத்திலிருந்தே பதில் சொல்வேன்.

அருமையாக வேலை செய்கிறது. எச்.எம். வாசலில் நின்று கேட்டுவிட்டு, "வாசிப்புப் பயிற்சியும் சேந்து ஆவுது, நல்ல யோசன சார்" என்றார். பாராட்டு வேறு. வெட்கமாக இருந்தது, ஆனால் உயிர் வந்தது.

செப்டம்பர் 11

இன்று ரோட்டைக் கடக்கும்போது கரும்பு டிராக்டர். ஓட்டுகிறவன் என் அம்மாவை இழுத்துத் திட்டினான். நியாயம்தான்.

அக்டோபர் 8

192. முழுதாக இரண்டு மடங்கு.

இதை எழுதுகிற மடிக்கணினியிலும் அதேதான். ஒரு வரியில் நாலு வார்த்தைகூட நிற்பதில்லை. எழுத எழுத ஓடிவிடுகிறது. மகேஸ்வரி தையல் மிஷினிலிருந்து, "இன்னாங்க, ஒண்ணாங்கிளாஸ் புக்கு மாதிரி எழுத்து?" என்றாள். மூடியைச் சாத்திவிட்டேன். பாடம் தயார் பண்றேன் என்றேன். அவள் மிஷினை மிதித்தாள்.

அக்டோபர் 27

அம்புக்குறியைத் தேடுவதிலேயே நாள் போகிறது. திரையில் எங்கோ இருக்கிறது. நேராகப் பார்த்தால் மறைகிறது, விலகிப் பார்த்தால் ஓடுகிறது.

சோறு தின்னும்போது கறிவேப்பிலையை மிளகாய் என்று நினைத்து எடுத்துப் போட்டேன்; மிளகாயைக் கடித்தேன். கண்ணில் தண்ணீர். நல்லவேளை, காரம் என்று சொல்லி அழ முடிந்தது.

நவம்பர் 12

நாளை தேர்வு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் நன்றாக எழுதுகிறவர்களை, கீழே டவுனில் தங்க வைத்து இலவசமாகப் படிக்க வைக்கிற பயிற்சிப் பள்ளிக்கு எடுப்பார்கள். கணினியில்தான் எழுத வேண்டும்; கேள்விக்கு நாலு பதில் காட்டும், சரியானதைத் தொட வேண்டும். ஒரே வாய்ப்பு. நிர்மலாவின் அப்பா இருசப்பன் சாமை அறுவடையை விட்டுவிட்டு வந்து என்னைப் பார்த்தார். "புள்ள கெலிச்சிருமா சார்? இல்லன்னா கேரளாவுக்கு வேலைக்கி கூட்டினு போறோம், அங்கயே சமைச்சிப் போட்டுக்கினு கெடக்கட்டும்" என்றார். கட்டாயம் ஜெயிப்பாள் என்றேன். கணக்கில் அவளை அடிக்க ஆள் கிடையாது.

பிள்ளைகள் யோசித்துக்கொண்டு சும்மா இருக்கும்போது திரை அணைந்துவிட்டால் பயந்துபோவார்கள். அந்தப் பயம் எனக்குத் தெரியும். அதனால் என் கணினி எழும்புகிற வரியை அப்படியே எடுத்து, எல்லாக் கணினிகளும் காலையில் வாங்கிக்கொள்கிற பொதுக் கோப்பில் போட்டுவிட்டேன். -s 0 இப்போது எல்லோருக்கும். ஒரு திரையும் அணையாது.

நவம்பர் 13

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு நல்ல நாள்.

காலையில் எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பின. தேர்வு தொடங்கியதும் வரிசை வரிசையாக நடந்து பார்த்தேன். ஒவ்வொரு திரையும் பளிச்சென்று தெரிந்தது! குனியவே இல்லை. நின்ற இடத்திலிருந்தே கேள்வியைப் படிக்க முடிந்தது. "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போனேன். ஒரு சத்தமில்லை. ஒரு பிள்ளைக்கும் ஒரு சந்தேகமில்லை.

கண் கொஞ்சம் தேறுகிறதோ? கேரட்டோ? டாக்டர் எல்லாம் தெரிந்தவரா என்ன? பஸ்ஸில் வரும்போது கோமுகி அணைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அதுகூட வழக்கத்தைவிடத் தெளிவாக இருந்த மாதிரி.

நவம்பர் 26

எங்கள் பள்ளியில் ஒருவரும் தேறவில்லை. ஒருவர்கூட.

எச்.எம். போனில் பேசிவிட்டு வந்து லேபில் உட்கார்ந்தார். "மத்த ஸ்கூல்ல எல்லாம் நாலு, அஞ்சு வந்திருக்குது. பரீட்ச நடத்தினவங்க ஒண்ணு சொல்றாங்க சார். நம்ம புள்ளைங்க ஒருத்தரு கூட, ஒரு கேள்விக்கிக் கூட, நாலாவது பதிலத் தொடவே இல்லியாம். சொல்லி வெச்ச மாதிரி. இன்னா சார் கத்துக் குடுத்தீங்கன்னு கேக்கறாங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இல்லை. விளங்கிவிட்டது. பஸ்ஸில், பாதி மலை இறங்கும்போது, விளங்கிவிட்டது.

நவம்பர் 27

நிர்மலாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மூணு பதிலுதான் சார் இருந்துச்சி. எழுத்து பெருசு பெருசா இருந்துச்சி. கீழ அரகொறயா ஏதோ வெட்டின மாதிரி. அடுத்ததுன்ற பட்டன் மேல இருந்துச்சா, அமுக்கிக்கினே போய்ட்டோம்."

"ஏம்மா சொல்லல?"

"வாயால படிச்சாதான சார் நீங்க சொல்லுவீங்க. பரீட்சைல பேசக் கூடாதில்ல." கொஞ்சம் நின்று, "நீங்களே பக்கத்துல வந்து பாத்துட்டு, நல்லா இருக்குன்னு போனீங்க சார்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

-s 0 மட்டும் போட்டிருக்க வேண்டும். வரியை அப்படியே எடுத்தேன். அதன் வாலில் -dpi 192 இருந்தது. எல்லாத் திரையும் எனக்காகப் பெருத்து, நாலாவது பதில் திரைக்குக் கீழே போய்விட்டது. கண் நல்லா இருக்கிற எந்த மடையனும் வாசலிலிருந்தே கண்டுபிடித்திருப்பான். எனக்கு அது அழகாக இருந்தது. கண் தேறுதுன்னு சந்தோஷப்பட்டேனே! கோமுகித் தண்ணியப் பாத்தேனே! பாவி, நீ பாத்துக்கினு இருந்த அந்த நேரத்துலதானடா அந்தப் புள்ளைங்க தலையில மண்ணு விழுந்துது.

நவம்பர் 29

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் நிர்மலா கேரளா போவாள். வேறு வழி ஏதாவது? கணினிக் கோளாறு என்று பொதுவாகச் சொன்னால்? என்ன கோளாறு, யார் செய்தது என்று கேட்பார்கள். வைரஸ் என்றால்? சீ.

நவம்பர் 30

ஞாயிறு. எழுந்திருக்கவில்லை. மகேஸ்வரி ரசம் வைத்துக் கொடுத்தாள். குடிக்கவில்லை.

டிசம்பர் 2

சொல்லிவிட்டேன்.

எச்.எம். முதலில் கத்தினார். பிள்ளைகளை வைத்து விளையாடுகிறீர்களா என்றார். பிறகு எழுந்து வந்து கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "எத்தினி வெரலு?" என்றார். தெரியவில்லை என்றேன். பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "தோளப் பாத்துப் பாத்துப் பேசுவீங்களே, நான் இன்னா நெனச்சேன் தெரியுமா உங்கள? மரியாத தெரியாத ஆளுன்னு நெனச்சேன்." அவர் அழுகிற மாதிரி இருந்தது. நிச்சயமாகச் சொல்ல முடியாது.

என் எதிரிலேயே போன் போட்டார். ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினார். மறுதேர்வு உண்டு. லேபுக்கு வேறு ஆள் வருவார். இரண்டும் ஒரே பேச்சில் முடிந்தது.

டிசம்பர் 16

மறுதேர்வு. என் கடைசி நாள்.

பொதுக் கோப்பிலிருந்து என் எண்ணை எடுத்துவிட்டு -s 0 மட்டும் விட்டேன். எச்.எம். பின்னால் நின்று எழுத்தெழுத்தாகப் படித்துச் சரிபார்த்தார். கணினிகள் எழும்பின. வரிசை வரிசையாக நடந்தேன். எல்லாத் திரையும் சாம்பல் நிறம். ஒரு கேள்வி தெரியவில்லை, ஒரு எழுத்து தெரியவில்லை. எல்லாம் சரியாக இருந்திருக்க வேண்டும்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

டிசம்பர் 24

288. திரையில் மூன்று வரிதான் நிற்கிறது. ஒரு வார்த்தையை முடிப்பதற்குள் முதல் எழுத்து மறந்துவிடுகிறது. லீவு என்று சொல்லி வீட்டில் இருக்கிறேன். லீவு முடிந்ததும் என்ன சொல்வாய்? பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் வருவாயா? இனி எழுதுவது எதற்கு? யார் படிக்கப் போகிறார்கள்? நானே படிக்க முடியாது.

ஜனவரி 18, 2026

நான் சொல்லச் சொல்ல மகேஸ்வரி அடிக்கிறாள். ஒரு விரலால். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எச்.எம். போன் செய்தார். நிர்மலா தேறிவிட்டாள். இன்னும் இரண்டு பேரும். நல்லது. சந்தோஷமாக இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். நல்லது, அவ்வளவுதான் வந்தது.

பொங்கலன்று மகேஸ்வரியிடம் எல்லாம் சொன்னேன். அவள் பானையை இறக்கி வைத்துவிட்டு, "அக்டோபர்லயே தெரியும்ங்க" என்றாள். எப்படி என்றேன். "அத்தாம் பெருசா எழுதி வெச்சா, தையல் மிஷின்லேந்தே தெரியாதா? நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன்." எல்லாவற்றையும் படித்தாயா என்றேன். "நீங்க மறைச்சீங்க, நானும் மறைச்சேன்" என்றாள்.

இன்று அடிக்க உட்கார்ந்ததும், "இன்னாங்க இது, ஒரு வரிகூட முழுசா நிக்கல, எப்பிடி அடிக்கறது?" என்றாள். என்ன செய்ய வேண்டும் என்று சொன்னேன். இரட்டைக் கோடு, இடைவெளி, ஒற்றைக் கோடு, dpi, எண். எந்த எண் என்றாள்.

96 என்றேன். அடித்தாள். இப்போது நன்றாகத் தெரிகிறது என்கிறாள்.