குசினியில் பழகிய கால்கள்

கலியாணம் கட்டிய நாள் முதல் "இஞ்சாருங்கோ" என்று மட்டுமே நான் கூப்பிட்ட என் அன்பானவருக்கு,

அங்கே எப்படி இருக்கிறீர்கள்? கறிக்கு உறைப்புக் காணுமா? வட்டக்கச்சியில் நல்ல மழை. நம்முடைய வயல் விதைத்து, முளையும் வந்துவிட்டது. யார் விதைத்தது என்று கேட்கிறீர்களா? நான்தான். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் ஆண்டுத் திவசம் முடிந்த கிழமை, வாய்க்கால் பார்க்கப் போய் வரம்பில் கால் பிரண்டு விழுந்தேன். வீக்கம் வற்றியதும் திரும்பவும் வயலுக்குப் போனேன். மறுபடியும் அதே கணுக்கால் பிரண்டது. நம் மகன் ரூபன் கிளிநொச்சியிலிருந்து ஓடிவந்து, என் காலைப் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"அம்மா, இனி வரம்பிலை ஏறவேண்டாம். விசுவமடுவிலை ஒராள் குத்தகைக்குக் கேக்கிறார். வயலைக் குடுப்பம்."

"விதைப்பு வரட்டும். என்னாலை நடக்க ஏலாட்டில் குடு," என்றேன்.

வாய்தான் அப்படிச் சொன்னது. நீங்கள் பற்றை வெட்டித் திருத்திய நிலத்தில் வேறொருவர் இறங்குவதை எந்தக் கண்ணால் பார்ப்பேன்?

ஆஸ்பத்திரியில் கால் பயிற்சி சொல்லித்தரும் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். மருந்து தருவாள் என்று போனால், துவாயைத் தரையில் விரித்துக் கால்விரல்களால் சுருட்டி இழுக்கச் சொன்னாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கதிரையில் இருந்துகொண்டு கால் பெருவிரலால் காற்றில் அ, ஆ எழுதவேண்டும். சுவரைப் பிடித்தபடி குதிகளை மெல்ல உயர்த்தி மெல்ல இறக்கவேண்டும். பிறகு ஒற்றைக் காலில் நிற்பது.

"பிடிக்க ஏதும் பக்கத்திலை இருக்கோணும். நோவு கூடினால் நிப்பாட்டுங்கோ. கண்ணை ஒரு இடத்திலை வைச்சுக்கொண்டு நில்லுங்கோ அம்மா, ஆடமாட்டியள்."

குசினி வாசலில் நின்றால் கண்ணுக்கு நேரே இருப்பது உங்கள் படம். தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கும்வரை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உங்கள் மீசையைப் பார்த்தபடி ஒற்றைக் காலில் நிற்பேன். ஒருநாள் கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பரமேஸ் அக்கா இதைக் கண்டுவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட்டா. பின்னேரமே ஊரெல்லாம் கதை. மங்களம் புருஷனை நினைத்து ஒற்றைக் காலில் தவம் செய்கிறாளாம்.

கோயிலடியில் என்னைக் கண்டவர்கள் கண் கலங்கினார்கள். பரமேஸ் அக்கா காதுக்குள் கேட்டா: "கோயிலுக்கு ஏதும் நேர்த்தியோ பிள்ளை?"

"ஓம் அக்கா, கணுக்காலுக்கு நேர்த்தி."

விசயத்தை விளங்கப்படுத்தினேன். குதிவலிக்கு நல்லது என்று இப்போது அவாவும் காலையில் வந்து நிற்கிறா. உங்கள் மீசையை இரண்டு பேர் பார்க்கிறோம். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

விதைப்பு நாளில் ரூபன் அந்தக் குத்தகைக்காரரையும் கையோடு கூட்டிவந்தான். மழையில் ஊறிய வரம்பு. செருப்பைக் கழற்றிவிட்டு, விதைநெல் வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினேன். கால்விரல்கள் சேற்றைக் கவ்விப் பிடித்தன. ஓரிடத்தில் கால் சரியப் பார்த்தது. நான் நினைக்குமுன் அதுவே நிமிர்ந்துகொண்டது. கடைசித் துண்டுவரை போய்த் திரும்பினால், ரூபன் நடுவரம்பில் கைகளை விரித்தபடி தள்ளாடிக்கொண்டு நிற்கிறான்.

"கொஞ்சம் நில்லுங்கோ அம்மா, வாறன்."

தெருவில் நின்ற குத்தகைக்காரர் சிரித்துவிட்டார். "அப்ப நான் போயிட்டு வாறன் தம்பி," என்று மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

ஒன்று சொல்வேன், கோபிக்கக்கூடாது. அந்த வரம்பு முழுக்க நான் உங்களை நினைக்கவே இல்லை. நீங்கள் போன பிறகு வயலுக்குள் அழாமல் நடந்தது அன்றுதான். விதையை அள்ளி வீசும்போதுதான் நினைவு வந்தது. அப்போதும் அழுகை வரவில்லை. சந்தோசமாக இருந்தது. உங்களுக்கும் சந்தோசம்தானே?

வருகிற சிறுபோகத்தையும் நானே விதைப்பேன். என் கால் நடக்கும்வரை நம்முடைய வயலை ஒருவருக்கும் விடமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் மனுசி,
மங்களம்